ரெட்டைக் குழந்தைன்னா நஞ்சு ஒண்ணா ரெண்டான்னு ரிப்போர்ட்ல எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

ரெட்டைக் குழந்தை கர்ப்பம் பத்தி போன வாரம் அரைப் பக்கம் போட்டிருந்தீங்க. சத்து மாத்திரை, ரெஸ்ட், சுகர், பிரஷர் எல்லாம் இருந்துச்சு, நஞ்சு, அதாவது வயித்துல குழந்தைக்கு ரத்தம், சத்து போய்ச் சேர்ற நஞ்சுக்கொடி (பிளசென்டா) பத்தி மட்டும் ஒரு வரிகூட இல்ல. அதான் எழுதறேன்.

ரெட்டைன்னு தெரிஞ்சதும் டாக்டர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது ரெண்டுக்கும் ஒரே நஞ்சா, தனித்தனியாங்கறதுதான். 11லேருந்து 14 வாரத்துக்குள்ள எடுக்கற ஸ்கேன்ல அது நல்லா தெரியும், மாசம் ஏற ஏற கண்டுபிடிக்கறது கஷ்டம். ஒரே நஞ்சுன்னா நூத்துல 10லேருந்து 15 பேருக்கு டிடிடிஎஸ்னு (ட்வின் டு ட்வின் ட்ரான்ஸ்ஃப்யூஷன் சிண்ட்ரோம்) ஒரு சிக்கல் வருது. நஞ்சுல ரெண்டு குழந்தையோட ரத்தக்குழாயும் சேர்ந்திருக்கறதால ஒண்ணோட ரத்தம் இன்னொண்ணுக்குப் போயிட்டே இருக்கும், கொடுக்கற குழந்தைக்கு யூரின் கொறைஞ்சு பனிக்குட நீர் வத்தி சவ்வுக்குள்ள ஒட்டிக்கும், வாங்கற குழந்தைக்கோ தண்ணி ஏறிட்டே போய் ஹார்ட்டுக்கு லோடு.

எங்க சித்தி பொண்ணுக்கு 12வது வாரம் எடுத்த ரிப்போர்ட்ல "ட்வின்ஸ், ரெண்டுக்கும் ஹார்ட் பீட் இருக்கு" அவ்ளோதான். அடுத்த ஸ்கேன் அஞ்சாம் மாசம்னுட்டாங்க. நடுவுல வயிறு மத்தளம் மாதிரி இறுகி, தோல் பளபளன்னு ஆகி, படுத்தா மூச்சு வாங்குது, வீட்டுப் பெரியவங்க ரெட்டைன்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க, அவளும் நம்பிட்டா. கடைசில ஸ்கேன்ல ஒரு குழந்தையைச் சுத்தி தண்ணி 11 செ.மீ., இன்னொண்ணுக்கு 1 செ.மீ. கூட இல்ல, மூத்திரப்பையும் தெரியல. அடிச்சுப் பிடிச்சு சென்னைக்கு ஓடி லேசர் பண்ணாங்க, ஒண்ணுதான் தங்குச்சு. முன்னாடியே பண்ணிருந்தா ரெண்டும் தங்கிருக்கும்னு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, அதுவும் தெரியும்.

லேசர்னா பயப்படறாங்க. அம்மா வயித்துல மெல்லிசான குழாய் விட்டு கேமராவுல பாத்து, நஞ்சு மேல ரெண்டு பக்கமும் இணையற ரத்தக்குழாய்ங்கள லேசரால சுட்டு அடைச்சு, கூடுதல் தண்ணிய வடிச்சு விடறாங்க. பொதுவா 16லேருந்து 26 வாரத்துக்குள்ள. சும்மா தண்ணிய மட்டும் வடிக்கறத விட இது மேல்னு 2004லயே ஐரோப்பாவுல பண்ண ஆய்வுல தெரிஞ்சு போச்சு, ஒரு குழந்தையாவது பிழைச்சது லேசர்ல 76 சதவீதம், தண்ணி வடிச்சதுல 56.

அதுக்காக தண்ணி வித்தியாசம் தெரிஞ்ச உடனே லேசர்னு அவசரப்படவும் வேண்டாம். பனிக்குடம் சீக்கிரமே உடையற ரிஸ்க் அதுல இருக்கு. முதல் ஸ்டேஜ்ல, அதாவது கொடுக்கற குழந்தையோட மூத்திரப்பை இன்னும் தெரியறப்போ, அம்மாவுக்கும் பெரிய தொந்தரவு இல்லன்னா, அடிக்கடி ஸ்கேன் பண்ணிட்டு வெயிட் பண்ணலாம். அந்த மூத்திரப்பை தெரியாமப் போச்சுன்னா ரெண்டாவது ஸ்டேஜ், அப்புறம் அடுத்த வாரம் பாப்போம்னு தள்ளறது சரியில்ல. இந்த வித்தியாசமே பக்கத்துல இருந்து பாத்துட்டே இருந்தாதான் பிடிபடும், அதனாலதான் ஒரே நஞ்சுன்னா 16வது வாரத்துலேருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன்னு வெச்சிருக்காங்க.

ஸ்கேன் சென்டர்காரங்க ரிப்போர்ட் முதல் வரிலயே நஞ்சு எத்தனைன்னு போடணும். கர்ப்பிணி கைல இருக்கற அட்டைலயும் நர்ஸம்மா "ஒரே நஞ்சு"ன்னு சிகப்பு மையில எழுதி, அடுத்த ஸ்கேன் தேதியையும் போட்டுக் கொடுத்துட்டா, லேசர் வசதி இருக்கற ஊருக்கு எப்போ அனுப்பணும்ங்கறதுல தாமதம் கொறையும். அடுத்த தடவை கர்ப்பம் பத்தி பக்கம் போடறப்போ இதையும் சேத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தென்காசி