வெயில் நிறைந்த வன்னியில் வெயில் படாத உடல்கள்: வடமாகாண சுகாதார, கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

கிளிநொச்சி மாவட்டத்தில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை நான். சென்ற ஆண்டு எனது இளைய மகளுக்கு இடுப்பிலும் தொடைகளிலும் ஓயாத நோவு ஏற்பட்டது. அவள் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள். விடியுமுன் ஏ-9 வீதியில் பேருந்து ஏறுகிறவள் பொழுதுபட்ட பின்னரே வீடு திரும்புவாள். முதலில் காட்டிய இடத்தில், வேலைக் களைப்பு என்று சொல்லி நோவுக் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சில மாதங்களின் பின்னர் வேறொரு மருத்துவர் இரத்தத்தைச் சோதிப்பித்தபோதே, அவளுடைய உடலில் விற்றமின் டி மிகக் குறைந்திருப்பது தெரிந்தது. "இந்த வெயிலில் வாழ்கிறவளுக்கு எப்படி?" என்று நான் கேட்டேன். அவள் வெயிலில் வாழவில்லை என்பது அதன் பிறகே எனக்கு உறைத்தது.

விற்றமின் டியின் பெரும்பகுதியை நாம் உணவிலிருந்து பெறுவதில்லை. சூரிய ஒளியிலுள்ள புறஊதா பி கதிர்கள் படும்போது தோலே அதை ஆக்கிக்கொள்கிறது. அது ஈரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாற்றமடைந்த பின்னரே செயற்படும் நிலைக்கு வருகிறது. குடல் கல்சியத்தை உறிஞ்ச உதவுவது அதன் முதன்மையான பணி. அது போதாத உடல் உணவிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 வரையான பங்கையே எடுத்துக்கொள்ளும் என்றும், போதியளவு இருந்தால் 30 முதல் 40 வரை எடுத்துக்கொள்ளும் என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்து, போலிக் அமிலம் ஆகியவற்றோடு கல்சியக் குளிசையும் தவறாமல் வழங்குகிறீர்கள். மருத்துவமாதுகள் வீடு தேடிச் சென்று அதை விசாரிக்கிறார்கள். அந்தக் குளிசை எவ்வளவு தூரம் உடலில் சேரும் என்பது, அந்தத் தாயின் தோலில் வெயில் படுகிறதா என்பதிலும் தங்கியிருக்கிறது. அந்தக் கேள்வியை அங்கு யாரும் கேட்டு நான் அறியவில்லை.

நம்மிடையே நிலவும் ஒரு நம்பிக்கையை இங்கே சொல்ல வேண்டும். குழந்தைக்கு எண்ணெய் பூசி இளவெயிலில் பிடித்தால் போதும் என்று நமது அம்மம்மாமார் நினைத்தார்கள்; நானும் அப்படித்தான் இரு பிள்ளைகளையும் வளர்த்தேன். ஆனால் காலை ஆறு, ஏழு மணிக்குச் சூரியன் தாழ்ந்திருப்பதால் புறஊதா பி கதிர்களில் மிகப் பெரும்பகுதி வளிமண்டலத்திலேயே தடுக்கப்பட்டுவிடுகிறது. நம்முடைய நிழல் நம்முடைய உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையே அதற்கு உகந்தது; நமது பகுதியில் அது ஏறத்தாழக் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடைப்பட்ட நேரம். கண்ணாடி யன்னலுக்குள்ளால் வரும் வெளிச்சம் இதற்கு உதவாது. கறுத்த தோலுக்கு வெளுத்த தோலைவிடக் கூடுதல் நேரம் தேவை. "வெயிலில் நிற்காதே, கறுத்துப் போவாய்" என்று பெண்பிள்ளைகளை விரட்டி, குடையும் கைமூடிய சட்டையுமாக அனுப்பும் தாய்மாருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். கைக்குழந்தையை உச்சிவெயிலில் பிடிக்க முடியாது, தாய்ப்பாலிலோ இந்த விற்றமின் மிகக் குறைவு. ஆகவே குழந்தைக்குத் துளிமருந்து தேவையா என்பதைக் கிளினிக்கிலேயே பேச வேண்டும்.

பாடசாலை காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை, அதன் பின் இருட்டும்வரை தனியார் வகுப்பு. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதமும் விஞ்ஞானமும் எடுத்துக்கொள்கின்றன. நானும் அப்படி எடுத்திருக்கிறேன், இன்று அதை நினைத்து வருந்துகிறேன். என்பு வலுப்பெறும் வயதில் பிள்ளைகளைக் கூரைக்குள் வைத்திருந்தோம்.

இன்னும் இரண்டு கூட்டத்தார் வன்னியில் இருக்கிறார்கள். போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு, 2009 இற்குப் பின் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் வாழ்கிறவர்களுக்கு, அசைவின்மையாலேயே என்பு நலிவடைகிறது; வெளியே கொண்டுவர ஆளில்லாத வீட்டில் வெயிலும் கிடைப்பதில்லை. அடுத்தவர்கள், வவுனியாவின் சில பகுதிகளில் காரணம் அறியப்படாத சிறுநீரக நோயால் வாடுகிறவர்கள். விற்றமின் டியைச் செயற்பட வைக்கும் கடைசி மாற்றம் சிறுநீரகத்திலேயே நடப்பதால், வயலில் நாள் முழுவதும் நின்றவருக்கும் சிறுநீரகம் பழுதானால் குறைபாடு வரும். அவர்களுக்குச் சாதாரண விற்றமின் டிக் குளிசை போதாமல் போகலாம். மருத்துவர் பார்த்தே தர வேண்டும்.

எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்றோ, எல்லோருக்கும் விற்றமின் டிக் குளிசை கொடுங்கள் என்றோ நான் கேட்கவில்லை. 25,000 இற்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, பொதுவாக நலமாயிருப்பவர்களுக்குக் குளிசை கொடுத்ததால் என்பு முறிவு குறையவில்லை என்று 2022 இல் காட்டியது. அளவுமீறினால் இரத்தத்தில் கல்சியம் கூடி வாந்தியும் சிறுநீரகக் கல்லும் வரும். ஆகவே உயர் அளவுக் குளிசைகளை மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்குவதையும் தடுக்க வேண்டும். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 600 சர்வதேச அலகு (IU), 70 வயதைத் தாண்டியவருக்கு 800 அலகு என்பதே பரவலாக ஏற்கப்பட்ட அளவு. முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கப்படும் நாட்களில் மலிவாகக் கிடைக்கும் சூடை, கும்பளா போன்ற கொழுப்புள்ள மீன்களும் முட்டை மஞ்சட்கருவும் அதில் ஒரு பங்கைத் தரும்.

நான் கேட்பது இவ்வளவுதான். பாடசாலை இடைவேளையைப் பிள்ளைகள் முற்றத்தில் கழிக்கும்படியும், உடற்கல்விப் பாடவேளையை எவரும் பறிக்காதபடியும் சுற்றறிக்கை அனுப்புங்கள். சித்திரை மாத வெக்கையில் மட்டும் நேரத்தைக் குறைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மருத்துவமாதுகளின் கேள்விகளில் வெயிலையும் சேருங்கள். கட்டிலில் கிடப்பவர்களையும் சிறுநீரக நோயாளரையும் ஓயாத என்பு நோவுள்ள பெண்களையும் முதலில் அரச மருத்துவமனையில் சோதியுங்கள். தனியார் ஆய்வுகூடக் கட்டணம் அவர்களுக்கு எட்டாது. ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், மதிய உணவின்போது பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே நிற்க இடமளிக்குமாறு எழுதுங்கள். அந்த இடைவேளையை எனது மகள் தனியே கேட்டால் கிடைக்காது, நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கிளிநொச்சி