குமிழ் தொலைந்தால் என்ன?

திருவையாறு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

வீடு மாற்றியதில், பாடும்போது ஆதார சுருதி கொடுக்கிற உன் மின்சாரச் சுருதிப் பெட்டியின் திருகு குமிழ் ஒன்று எங்கேயோ விழுந்துவிட்டது, இனிமேல் போனில் சுருதி ஆப் வைத்துப் பாடிக்கொள்கிறேன் என்றாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. போன் ஸ்பீக்கர் ரொம்பச் சின்னது. கீழ் ஸ்தாயி அதில் சரியாக எழும்பாது. மந்தர ஷட்ஜம், அதாவது அந்தக் கீழ் ‘ஸ’, காதில் நிறையாமல் பாடிப் பழகினால் குரல் எதன் மேல் உட்காரும்? பெட்டியின் உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. விரல் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் துண்டுதான் போயிருக்கிறது.

நம் வீட்டுத் தம்புராவை நினைத்துப் பார். தந்தியைத் தாங்குகிற குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஜீவா நூல் இருந்தால்தான் அந்த ரீங்காரம். அந்த நூல் காணாமல் போனால் பாட்டி கடைக்கு ஆள் அனுப்பியதே இல்லை. புடவைத் தலைப்பில் ஓர் இழையை உருவி வைத்து, மேலும் கீழும் நகர்த்தி, நாதம் விரிகிற இடத்தில் விடுவார்கள். தந்தி குதிரையின் வளைவை உரசியும் உரசாமலும் அதிர வேண்டும். அதற்கு ஓர் இழையின் தடிமன் போதும் என்று அவர்களுக்குத் தெரியும். உன் குமிழையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது?

குமிழ் கழன்ற இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு பெரும்பாலும் 6 மி.மீ. கனம். அதன் சுற்றளவு 19 மி.மீ. தான் வரும். வெறும் தண்டைப் பிடித்துத் திருகினால், விரல் 1 மி.மீ. நகர்ந்தாலே அது 19 டிகிரி திரும்பிவிடும். அந்த வால்யூம் கன்ட்ரோல் மாதிரியான பாகம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திரும்புவதே 270, 300 டிகிரிதான். அதில் 19 போய்விட்டால் சுருதி எங்கே நிற்கும்? தண்டின் மேல் 30 மி.மீ. அகலத்தில் ஒன்றைப் பொருத்திவிட்டால் அதே 1 மி.மீ. நகர்வுக்கு 4 டிகிரிக்கும் குறைவாகத்தான் திரும்பும். ஐந்து மடங்கு நிதானம் கிடைக்கிறது. உன்னிடம் தொலைந்தது சுருதியை மயிரிழை ஏற்றி இறக்குகிற நுண்சுருதிக் குமிழ் என்பதால் இது முக்கியம். கட்டை என்கிற சுருதி அளவில் ஐந்துக்கும் ஐந்தரைக்கும் அதிர்வெண்ணில் சுமார் 6 சதவீதம்தான் வித்தியாசம், அந்தக் குமிழ் வேலை செய்வது அதற்குள்ளே. உன்னோடு புல்லாங்குழல் வாசிக்கிற பெண் இருக்கிறாளே, ஊத ஊதக் குழல் சூடேறி சுருதி கொஞ்சம் மேலே போகும். அப்போது பெட்டியை மயிரிழை ஏற்ற முடியாவிட்டால் இரண்டு பேருக்கும் அவஸ்தை.

பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு இருக்கிறது. அங்கே நாப் என்று கேட்டால் கொடுப்பார்கள். போவதற்கு முன்னால் தண்டின் நுனியைப் பார்த்துக்கொள்: வழவழ உருண்டையா, ஒரு பக்கம் சீவினதா, இல்லை நடுவில் பிளந்து சுற்றிலும் பல் வைத்ததா. மூன்றுக்கும் குமிழ் வேறு வேறு. கால் அங்குலத் தண்டுக்கு என்று செய்தது 6 மி.மீ. தண்டில் லொடலொடவென்று ஆடும், அதற்கு ஒரு சுற்று காகிதம் சுற்றினால் சரியாகிவிடும்.

கடைக்குப் போக நேரமில்லை என்றுதான் சொல்லப்போகிறாய். அப்படியானால் வீட்டிலேயே செய்துவிடு. தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றும், பிசைந்து ஒட்டுகிற எம்-சீலும் போதும். மூடியின் பக்கவாட்டில் வரிவரியாக இருக்கிறதே, விரலுக்கு நல்ல பிடி. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடு. (தாத்தா காலத்து வால்வு ரேடியோ சிலவற்றில் உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்திலேயே கரண்ட் ஓடும், குமிழ் கழன்ற தண்டைத் தொட்டால் தூக்கி அடிக்கும். உன் பெட்டி அப்படிப்பட்டது இல்லை, ஆனாலும் பழக்கம் நல்லது.) மூடி பக்கத்துக் குமிழை இடிக்குமா என்று வைத்துப் பார். இடித்தால் மருந்து பாட்டில் மூடி மாதிரி சின்னதாக ஒன்று எடு.

இந்த மூடி பிளாஸ்டிக்கில் எம்-சீல் சரியாக ஒட்டாது. உள்ளே மரை இருப்பதால் பிடித்துக்கொள்ளும் என்று தோன்றும், ஆனால் இடது பக்கம் திருகும்போது உள்ளே இறுகின கட்டி அந்த மரையிலேயே கழன்றுவிடும். அதனால் பக்கத்தில் சூடான ஊசியால் நாலைந்து ஓட்டை போட்டு, உள்ளே உப்புத்தாளால் தேய்த்துக்கொள். எம்-சீல் அந்த ஓட்டைகளில் புகுந்து ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும்.

தண்டில் பிளவு இருந்தால் சோப்பைத் தேய்த்து அடைத்துவிடு. தண்டு முழுக்க வாசலின் தடவு. இரண்டையும் செய்யாமல் விட்டால் குமிழ் பிறகு கழலவே கழலாது, நாளைக்கு ரிப்பேருக்குத் திறக்கிறவர் சபிப்பார். பால் கவரில் ஒரு துண்டு வெட்டி நடுவில் துளையிட்டுத் தண்டில் மாட்டினால் பெட்டியின் முகத்தில் ஒட்டாது. அதன் மேல் கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டு துண்டு வை, மூடி பெட்டியை உரசாமல் திரும்ப அந்த இடைவெளி வேண்டும். எம்-சீலின் இரண்டு பாகத்தையும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து மூடியில் அடைத்து, நேராக அழுத்தி, ராத்திரி முழுக்கத் தொடாமல் விட்டுவிடு. காலையில் அட்டையை உருவி, கவரைக் கிழித்து எடுத்துவிடலாம்.

அவசரத்துக்கு ஃபெவிக்விக் மட்டும் எடுக்காதே. தண்ணீர் மாதிரி தண்டோடு வழிந்து உள்ளே இறங்கினால் அந்தப் பாகமே இறுகிப்போகும், பிறகு குமிழ் இருந்தும் பயனில்லை. குறடால் பிடித்துத் திருகுவதும் வேண்டாம், பல் மழுங்கிவிடும்.

இறுகினதும் இடது கோடி வரைக்கும் திருப்பி, மூடியின் மேல் நகப்பூச்சில் ஒரு புள்ளி வை. ஐந்தரைக்குச் சரியாகச் சேரும் இடத்தில் பெட்டியின் மேலும் ஒரு புள்ளி. தினம் காலையில் தேட வேண்டியதில்லை.

தஞ்சாவூரில் பழைய ரேடியோ கடை ஒன்று இன்னும் இருக்கிறது, அவரிடம் ஒரிஜினல் குமிழ் கிடந்தாலும் கிடக்கும். உன் தண்டின் நுனியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அப்பாவை விட்டுக் கேட்கச் சொல்கிறேன். இங்கே தியாகராஜ ஆராதனைக்கு வரும்போது பெட்டியையும் கொண்டு வா, இண்டு இடுக்கில் எல்லாம் தூசி படிந்திருக்கும், துடைத்துத் தருகிறேன்.

அன்புடன்
அம்மா