காது கேளாத குழந்தைகளின் கைகளைத் தடுக்காதீர்கள்

செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மொழித்திறன் பிறவியிலேயே இருக்கிறது, ஒலியை மின்துடிப்பாக மாற்றிச் செவி நரம்புக்கு அனுப்பும் காக்ளியர் கருவியை அறுவை சிகிச்சையில் பொருத்தினால் பேச்சு தானாக வரும், அதுவரை சைகை காட்டாதீர்கள் என்று பெற்றோருக்கு இன்றும் அறிவுரை சொல்லப்படுகிறது. அந்த அறிவுரையைக் கைவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இலக்கணத்துக்கான திறனோடுதான் மனிதக் குழந்தை பிறக்கிறது என்றார் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி. அந்தத் திறன் வெறுமனே காத்துக்கிடக்கும் என்று அவர் சொல்லவில்லை. சுற்றிலும் ஒரு மொழி புழங்க வேண்டும், அதுவும் முதல் சில ஆண்டுகளிலேயே. சாம்ஸ்கியை மறுக்கும் உளவியலாளர் மைக்கேல் டொமாசெல்லோ போன்றவர்களுக்கும் இதில் மாற்றுக் கருத்து இல்லை. பார்வைத்திறனும் பிறவியில் வருவதுதான். ஆனாலும் பிறவிக் கண்புரையை முதல் மாதங்களில் அகற்றாவிட்டால், பிறகு அகற்றினாலும் மூளை சரியாகப் பார்க்கப் பழகுவதில்லை. இதை அறிந்த மருத்துவத்துறை மொழியை மட்டும் ஏன் காக்க வைக்கிறது?

மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவைப் பாருங்கள். 1977க்குப் பிறகு அதன் தலைநகர் மனாகுவாவின் சிறப்புப் பள்ளியில் காது கேளாத பிள்ளைகள் ஒன்றுசேர்ந்தார்கள். வகுப்பில் உதட்டசைவும் ஸ்பானிய மொழியும் கற்பிக்கப்பட்டன. விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் அவர்கள் தங்களுக்குள் சைகையை வளர்த்தார்கள். ஒரு பொருள் சரிவில் உருண்டு இறங்குவதைச் சொல்ல, முதலில் வந்தவர்கள் கையை ஒரே வீச்சில் சுழற்றியபடி கீழே கொண்டுவந்தார்கள். பின்னால் சேர்ந்த சிறுவர்களோ உருளுவதற்கு ஒரு சைகை, இறங்குவதற்கு ஒரு சைகை என்று பிரித்து அடுத்தடுத்துக் கோத்தார்கள். யாரும் சொல்லித்தராத இலக்கணம் அது. அதைக் கூர்மையாக்கியவர்கள் சிறு வயதிலேயே சேர்ந்த பிள்ளைகள். வயது கடந்து சேர்ந்தவர்களுக்கு அது முழுதாகக் கைவரவில்லை.

இங்கே நடப்பது என்ன? முதல் பரிசோதனை, பிறகு செவி நரம்பின் செயல்பாட்டை அளக்கும் பெரா டெஸ்ட், சில மாதம் காது மெஷின், ஸ்கேன், தடுப்பூசி, அறுவை சிகிச்சை, புண் ஆற மூன்று நான்கு வாரம், அதன் பிறகே கருவியை இயக்கும் ஸ்விட்ச் ஆன். அன்று கிடைப்பது ஒலி மட்டுமே. கருவியைப் பிள்ளைக்கு ஏற்பச் சரிசெய்யும் மேப்பிங்கும் பேச்சுப் பயிற்சியும் இன்னும் ஆண்டுக்கணக்கில் நீளும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் காதுக்கு வெளியே மாட்டும் ப்ராசஸரைக் கழற்றியாக வேண்டும். அதைத் தலையோடு இணைக்கும் காயில் வயர் அறுந்தால் புதிது வரும்வரை மௌனம்தான். இத்தனை காலமும் பிள்ளை எதையோ வேண்டிக் கையை ஆட்ட, உங்கள் சொல்லை நம்பிய தாய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்குகிறாள். அவளைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

காக்ளியர் கருவி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிறந்தது முதல் சைகை மொழியில் வளர்ந்து, பிறகு கருவி பொருத்திக்கொண்ட குழந்தைகளின் பேச்சுமொழி, காது கேட்கும் குழந்தைகளுக்கு இணையாக இருந்ததை 2014இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு ஆய்வு காட்டியது. சைகை பேச்சைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு 1880இல் இத்தாலியின் மிலானில் கூடி, வகுப்பில் சைகையை ஒதுக்கிப் பேச்சையே ஏற்ற காது கேளாதோர் கல்விக்கான பன்னாட்டு மாநாடு முத்திரை குத்தியது. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டினர் அந்தத் தீர்மானங்களை நிராகரித்துவிட்டார்கள். நாம் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, நியமிக்கச் சொல்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. எத்தனை மையங்களில் காது கேளாத ஒரு பெரியவராவது பணியில் இருக்கிறார்? பிள்ளையின் பெயரைக் கையால் சொல்லத் தெரியாதவர்களிடம் அந்தப் பிள்ளையை ஒப்படைப்பது எந்த வகையில் நியாயம்?

கோபத்தில் சற்றுக் கடுமையாகிவிட்டது, பொறுத்தருளுங்கள். குறைபாடு உறுதியான அன்றே இந்திய சைகை மொழியைத் தொடங்குங்கள். வாரம் இரண்டு வகுப்பாவது பெற்றோருக்கு நடத்துங்கள். காது கேளாத ஒருவரைச் சம்பளத்துடன் அதற்கு நியமியுங்கள். பெற்றோருக்கு நீங்கள் தரும் கையேடு அடுத்த முறை அச்சுக்குப் போகும்முன், சைகை காட்டாதீர்கள் என்ற வரியைத் தயவுசெய்து நீக்குங்கள்.

இப்படிக்கு,
காது கேளாத குழந்தைகளுடன் பணிபுரியும் மொழியியலாளர்களும் சைகை மொழி ஆசிரியர்களும்