மாதக் கடைசியில் எடுக்கக் கூடாத முடிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனி, போடி, சின்னமனூர் பகுதிகளில் 14 ஆண்டுகள் ஒரு மருந்து நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியாக, ஊர் வழக்கில் சொன்னால் மெடிக்கல் ரெப்பாக, வேலை பார்த்து, சில ஆண்டுகளுக்கு முன் விலகியவன் நான். என் அக்காள் மகனும் இதே வேலையில் இருக்கிறான். அண்மையில் ஒருநாள் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, "மாமா, நாளைக்கே பேப்பர் போட்டுறலாம்னு இருக்கேன்" என்றான்; வேலையை ராஜினாமா செய்வதைத்தான் அப்படிச் சொன்னான். அன்று தேதி 30. அவன் காரணம் சொல்வதற்கு முன்பே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. அவனைப் போல் தவிக்கும் இளைஞர்களுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படலாம் என்று இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் மாதக் கடைசியை குளோசிங் என்போம். நிறுவனத்திடமிருந்து ஸ்டாக்கிஸ்ட் எனப்படும் மொத்த விற்பனையாளருக்கு பில் ஆகும் சரக்கு பிரைமரி. அவரிடமிருந்து மருந்துக் கடைகளுக்குப் போவது செகண்டரி. மருத்துவர் எழுதி, கடையில் விற்று, ஸ்டாக்கிஸ்டிடம் இருப்புக் குறைந்த பிறகே அடுத்த பில் விழ வேண்டும். ஆனால் டார்கெட் அதுவரை பொறுப்பதில்லை. ஒரு மார்ச் 31 இரவு ஒரு ஸ்டாக்கிஸ்டின் கிடங்கில் நான் நின்ற நிலை இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை. முந்தைய மாதம் இறக்கிய இருமல் மருந்துப் பெட்டிகள் ஒட்டுநாடாகூடப் பிரிக்கப்படாமல் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. டார்கெட்டுக்கு இன்னும் 80,000 ரூபாய் தேவைப்பட்டது. ஏரியா மேனேஜர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்துக்கொண்டே இருந்தார். என் தந்தை வயதிருக்கும் அந்த ஸ்டாக்கிஸ்ட், "தம்பி, பழைய சரக்கையே எங்க வைக்கிறதுன்னு தெரியல, ஆனா உன் முகத்தப் பாத்தா மாட்டேன்னு சொல்ல வாய் வரல" என்று சொல்லிவிட்டு ஆர்டரில் கையெழுத்திட்டார். அந்தச் சரக்கில் பாதி, காலாவதி நெருங்கிய நிலையில் திரும்பி வந்தது. என் இன்சென்டிவில் அதைக் கழித்துக்கொண்டார்கள் என்பதைவிட, அவர் முகத்தில் விழிக்க நான் கூசியதுதான் பெரிய வலியாக இருந்தது. அன்றிரவே ராஜினாமாக் கடிதம் எழுதி, விடிந்ததும் கிழித்துப் போட்டேன். அடுத்த ஐந்து ஆண்டுகளும் குளோசிங்குக்குக் குளோசிங் எழுதுவதும், ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் மறப்பதுமாகவே கழிந்தன.

விற்பனை எனக்கு ஒத்துவராது என்றே நான் நம்பியிருந்தேன். பிறகு, ஒவ்வொரு நாளும் ரிப்போர்ட் அனுப்பி முடித்ததும், அன்று மனத்தை வருத்தியது எது, வருத்தாதது எது என்று ஒரு பழைய டைரியில் இரண்டு வரி எழுதத் தொடங்கினேன். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது எனக்கே வியப்பு. மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு இரவு ஒன்பதரை வரை காத்திருந்த நாட்கள் அதில் குறையாகவே பதிவாகவில்லை. குழந்தை மருத்துவர் ஒருவர் மருந்தளவு குறித்துக் கேட்ட ஐயத்துக்கு மறுவாரம் உரிய விளக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த நாளை மகிழ்ச்சியாகவே எழுதியிருந்தேன். வருத்தங்கள் பெரும்பாலும் 25ஆம் தேதிக்குப் பிந்தியவை. மற்றவை, மேலிடம் சொன்னதற்காக நான் சுமந்து சென்ற பரிசுப் பொருட்களைப் பற்றியவை. மருத்துவர்களுக்குப் பரிசோ வெளிநாட்டுப் பயணமோ தரக் கூடாது என்று மத்திய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. அதைச் செய்தித்தாளில் படித்தபோது, வேலையில் இருந்த காலத்தில் என் மனம் உறுத்தியதில் நியாயம் இருந்தது என்று தெளிந்தேன்.

வேலையை விடலாமா என்று யோசிப்பவர் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் கண்டறிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நெருக்குவது ஒரு மேனேஜர் என்றால், அல்லது ஒரு நிறுவனத்தின் குளோசிங் பழக்கம் என்றால், வேறு நிறுவனத்துக்கு மாறினாலே தீரக்கூடும்; என்னோடு பணியாற்றிய ஒருவர் அப்படி மாறி இன்றும் மனநிறைவோடு ரெப்பாகவே இருக்கிறார். செய்ய வேண்டிய செயலே மனச்சான்றுக்கு ஒவ்வாதபோது பதவி உயர்வும் உதவாது. நாம் பட்டதை நமக்குக் கீழே இருப்பவர் மீது சுமத்தும் இடத்துக்குத்தான் அது நம்மைக் கொண்டுபோகும்.

நான் படித்தது பி.எஸ்சி. வேதியியல். 14 ஆண்டுகள் மருந்தோடு புழங்கியிருந்தாலும், 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநராக நான் மருந்துக் கடையில் நிற்க முடியாது. ஒரு தனியார் மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் சேர்ந்தேன். இன்சென்டிவோடு 41,000 ரூபாய் வாங்கியவன் 24,000 ரூபாய்க்கு இறங்கினேன். மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக என் மனைவி வீட்டிலேயே தையல் வேலையைத் தொடங்கினார். அந்த இரண்டு ஆண்டுகள் எளிதாகக் கழிந்தன என்று எவரிடமும் நான் சொல்ல மாட்டேன்.

அக்காள் மகனிடம் அன்றிரவு கணக்கையும் பேசினேன். அவன் சேர்ந்து நான்கு ஆண்டுகளும் மூன்று மாதங்களுமே ஆகின்றன. நிரந்தரப் பணியில் இருப்பவருக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுத் தொடர் பணிக்குப் பிறகே கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை கிடைக்கும். ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற அந்தத் தொகையைச் சில மாத அவசரத்தில் ஏன் இழக்க வேண்டும்? வருங்கால வைப்பு நிதியையும் எடுத்துச் செலவழிக்காமல் அடுத்த நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்; 10 ஆண்டுப் பணி சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும். எங்களைப் போன்ற விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்காகவே 1976இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, நியமனக் கடிதத்தையும் விடுப்பையும் உரிமையாக்கியது என்பதைக்கூட அவன் அறிந்திருக்கவில்லை. அவனுடைய நியமனக் கடிதம் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கும் அவனிடம் பதில் இல்லை.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். "எந்த வேலையிலதான் கஷ்டம் இல்ல" என்று என் அக்காள் சொன்னார். அது உண்மைதான். ஆனால் அதைக் கேட்ட பிறகு அவன் வீட்டில் வாய் திறப்பதையே விட்டுவிட்டான். அதனால்தான் இரவு பதினொரு மணிக்குத் தெருமுனையில் நின்று என்னிடம் பேசினான். அக்காளிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த மாதம் 10ஆம் தேதி, மனம் ஓய்ந்திருக்கும் ஒரு நாளில், இருவரும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம். அதுவரை டைரி எழுதச் சொல்லியிருக்கிறேன். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வேலையில் சேர்வதற்கான வழிகள் தொடர்ந்து வெளிவருகின்றன. வேலையிலிருந்து விலகுவோரின் சட்ட உரிமைகள், பணிக்கொடை, வைப்பு நிதி ஆகியவை குறித்தும் விவரம் அறிந்தவர்களைக் கொண்டு எழுதச் செய்யுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் மருந்து விற்பனைப் பிரதிநிதி,
தேனி.