மூடுபனியில் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல ஒருத்தி

சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர், தில்லி
காணும் பொங்கல், இரவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலமாக இருக்கிறோம். தை முதல் நாள் காலையில் நீ சென்னையிலிருந்து வந்து இறங்கி, வாசலில் பூட்டுத் தொங்குவதைப் பார்த்துவிட்டு அம்மாயி வீட்டுத் திண்ணையிலிருந்து பேசினாயே, அதற்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. “உங்களுக்கு லாரிதான் வீடு, நான் விருந்தாளி” என்று நீ சொன்னபோது கைப்பேசி ஸ்பீக்கரில் இருந்தது. அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் இறங்கிப்போய், ஏற்கெனவே பார்த்துவிட்ட டயர்களை மறுபடியும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நாளை இரவு நீ சென்னைக்குக் கிளம்புமுன் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதால், கணக்கு நோட்டில் எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

முதலில், ஏன் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மார்கழி 17 அன்று சேலத்தில் பதினெட்டு டன் ஜவ்வரிசி ஏற்றினோம். மாசியில் சிவராத்திரி வருவதால், அதற்கு முன்பாகவே வடக்கே ஜவ்வரிசி தேவைப்படும். நாம் பாயசம் காய்ச்சுகிற பொருளை இவர்கள் விரத உணவாகக் கிச்சடி செய்து சாப்பிடுகிறார்கள். எட்டு ஆண்டுகளாக ஏற்றி வந்தாலும் எனக்கு இது இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி வழியாகத் தில்லிக்கு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். இருவர் மாற்றி மாற்றி ஓட்டினால் ஆறு நாளில் வந்துவிடலாம், ரிட்டர்ன் லோடு உடனே கிடைத்தால் போகிக்குள் ஊர் சேரலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தோம். நாக்பூரைத் தாண்டி, புலிகள் கீழே கடந்து போவதற்காகச் சாலையையே தூக்கிக் கட்டியிருக்கும் பெஞ்ச் காடு வரைக்கும் கணக்கு பிசகவில்லை. அதுவரை பாதித் தூரம் நான்தான் ஓட்டினேன். குவாலியரைத் தாண்டியதும் மூடுபனி பிடித்துக்கொண்டது. அங்கிருந்து தில்லிக்கு முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்; வெயில் காலத்தில் ஒரே இரவில் ஓடிவிடுகிற அந்தத் தூரத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. நரேலா பக்கத்துக் குடோனில் சரக்கை இறக்காமல் இரண்டு நாள் நிறுத்தி வைத்தார்கள். ஹால்டிங் காசு கேட்டதற்கு, பனிக்கு நாங்களா பொறுப்பு என்று கேட்டார்கள். இரண்டு நாளும் சும்மா நின்றது குடோன் வாசலில்தானே தவிரப் பனியில் அல்ல என்று நான் சொன்னது அவர்கள் காதில் ஏறவில்லை. பில்டியில், அதாவது சரக்கு ரசீதில், கையெழுத்து வாங்கி வெளியே வரும்போது பொங்கலுக்கு நான்கே நாள்தான் இருந்தது. ரிட்டர்ன் லோடும் இல்லை. வெறும் வண்டியாகத் திரும்பினால் டீசல் செலவே இந்த நடையின் வாடகையைத் தின்றுவிடும்.

மார்கழியில் மதுரா பக்கம் மூடுபனியில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து நீ பயந்துபோயிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பயப்படாதே என்று நான் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பயப்பட வேண்டிய பனிதான் அது. நம் ஊர் மார்கழிப் பனியை மனத்தில் வைத்துக்கொண்டு இதை நினைத்துப் பார்க்க முடியாது. சம்பல் ஆற்றைத் தாண்டினால் இருபுறமும் அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சிய கோதுமை வயல்கள். காற்று அசையாத, மேகமில்லாத இரவில் ஈரமான தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றெல்லாம் வெண்புகை போலத் திரண்டு சாலையில் உட்கார்ந்துகொள்கிறது. ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாவிட்டால் அதை மிக அடர்ந்த மூடுபனி என்று வானிலைத் துறை கணக்கிடுகிறது. நீ கணக்கில் கெட்டிக்காரி, நீயே போட்டுப் பார். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குப் பதினொரு மீட்டர். ஐம்பது மீட்டர் என்பது நான்கரை நொடி. அதற்குள் கண் பார்த்து, கால் மிதித்து, பிரேக் குழாய்களில் காற்று ஓடி, பாரத்தோடு வருகிற வண்டி நிற்க வேண்டும். எதிரே இருப்பதோ பெரும்பாலும் ஓடுகிற வண்டியாக இருக்காது. பின்விளக்கும் ஒளிப்பட்டையும் இல்லாமல் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டராகவோ, அச்சு முறிந்து நடுச்சாலையில் நிற்கிற லாரியாகவோ இருக்கும். பெரிய விளக்கைப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். அதனால்தான் முகப்பு விளக்குகளில் மஞ்சள் தாள் ஒட்டி, தாழ்வாக வைத்து ஓட்டுகிறோம்.

முரைனாவுக்கு அப்பால் இரவு இரண்டு மணிக்கு எங்கள் இருவருக்கும் சண்டை வந்தது. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போய்விடலாம் என்றார் அப்பா. முப்பது ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். அந்த விளக்குக்குச் சொந்தக்காரனுக்கும் நம்மைப் போலவே ஒன்றும் தெரியாது, அவன் பள்ளத்தில் இறங்கினால் நாமும் அவன் பின்னாலேயே இறங்குவோம் என்றேன் நான். நிறுத்துங்கள் என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் ஒரு பெட்ரோல் பங்க்கின் உள்ளே, சாலையிலிருந்து நன்றாகத் தள்ளி, வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். காலை பதினொரு மணிக்குத்தான் மறுபடியும் எடுத்தோம். அதுவரை என்னோடு பேசவில்லை. காபியை மட்டும் வாங்கிக் குடித்தார்.

கண்ணு, இந்த லாரியில் என் வேலை என்ன என்று நீ ஒருமுறை கேட்டாய். சமைக்கிறேன், டோலில் ஃபாஸ்டேக் கணக்குப் பார்க்கிறேன், பகலில் ஓட்டுகிறேன், காலையில் பிரேக்கின் காற்றுத் தொட்டியில் சேர்ந்திருக்கும் தண்ணீரைத் திறந்துவிடுகிறேன் என்றெல்லாம் அப்போது சொன்னேன். அவை எல்லாம் ஒரு கிளீனர் பையனும் செய்யக்கூடியவை. நிறுத்துங்கள் என்று சொல்வதுதான் என் வேலை. சம்பளத்துக்கு இருக்கிற பையன் முதலாளியிடம் அதைச் சொல்ல மாட்டான், சொன்னாலும் அவர் கேட்க மாட்டார்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். நீ பத்தாம் வகுப்பு படித்த ஆண்டில், தைக் கடைசியில், அப்பா ஜான்சிக்கு இப்பால் தூக்கத்தில் வண்டியைச் சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏற்றிவிட்டார். தொடர்ந்து பத்தொன்பது மணி நேரம் ஓட்டியிருந்தார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் என்று எழுதி வைத்திருந்தது; நடைக்கு இவ்வளவு என்று பேட்டா வாங்குகிறவனுக்கு அதை யார் படித்துக் காட்டுவது? தோள்பட்டையில் அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டதற்குத் தார்ப்பாய்க் கயிறு அறுந்து அடித்தது என்றார். உண்மை இரண்டு ஆண்டு கழித்துத்தான் அவர் வாயிலிருந்து வந்தது. கல்யாணமாகி அத்தனை ஆண்டுகளில் மாதம் நான்கு நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போகிற மனிதரோடுதான் நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். மற்ற இருபத்தாறு நாளும் அவருக்கு என்ன நடந்தது என்பது அவர் சொன்னால்தான் உண்டு. நீ கல்லூரி விடுதிக்குப் போனதும் நான் ஹெவி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டது அதனால்தான். உன்னை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனேன் என்று நீ நினைத்திருந்தால் அது உன் தவறு அல்ல. காரணத்தை நான் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்த நீ அம்மாயி வீட்டில் தங்கியதும், முதல் சம்பளத்தோடு வந்த அன்று நான் அதிலாபாத்தில் பஞ்சர் கடையில் உட்கார்ந்திருந்ததும் எனக்கு மறக்கவில்லை. அவற்றை ஈடுகட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

நிறுத்தச் சொல்லி நஷ்டப்பட்டதும் உண்டு. முன்பொரு தையில் காஷ்மீரில் புல்வாமா பக்கத்துக் குளிர்பதனக் கிடங்கில் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு இறங்கியபோது, ராம்பன் பக்கம் மண் சரிந்து சாலை அடைபட்டு, காசிகுண்டில் ஆறு நாள் வரிசையில் நின்றோம். டீசல் குளிரில் கெட்டிப்பட்டுக் குழாயில் ஏற மறுத்தது. பக்கத்து வண்டிக்காரர்கள் டாங்கிக்கு அடியில் தீ மூட்டிச் சூடாக்கினார்கள். நம் வண்டியில் அதைச் செய்யவிடாமல் தடுத்தவள் நான். வெயில் ஏறும் வரை காத்திருந்ததில், முன்னே கிளம்பியவர்களுக்கு ஒரு நாள் பின்தங்கினோம். வைக்கோல் போட்டு மூடியிருந்தும் ஓரத்துப் பெட்டிகளில் பழம் உறைந்துபோயிருந்தது, வாங்கியவர் வாடகையில் பிடித்துக்கொண்டார். அப்பா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். சொல்லிக் காட்ட ஆள் இருக்கிறாரே என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே டிரான்ஸ்போர்ட் நகரிலும் என் வாய் சும்மா இருப்பதில்லை. நேற்று இரவு பக்கத்து வண்டிப் பையன்கள் இருவர் அங்கீட்டியை, அதாவது கரியடுப்பை, கேபினுக்குள் ஏற்றிவைத்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு படுக்கப் போனார்கள். அந்தக் கரியிலிருந்து வருகிற நச்சு வாயுவுக்கு வாசனையும் இல்லை நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தில்லியில் குளிர்காலம் தோறும் இப்படிச் செத்தவர்கள் செய்தியில் வருகிறார்கள். என் இந்தி உனக்குத் தெரியுமே. அந்த இந்தியிலேயே திட்டி, அடுப்பை இறக்கி வைக்கச் செய்து, நம்முடைய பழைய ஜமுக்காளத்தைக் கொடுத்தேன். காலையில் அவர்களே வந்து நம் முன்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்கள்.

பொங்கல் வைக்காமல் இருந்துவிடவில்லை. வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் இருக்கிற அடுப்பைக் கீழே இறக்கி, மஞ்சள் கொத்து கிடைக்காததால் மஞ்சள் கிழங்கையே நூலில் கோத்துப் பானையில் கட்டினேன். சாறு பிழிகிற வண்டிக்காரரிடம் அரைக் கரும்பு வாங்கினோம். கிழக்கு எந்தப் பக்கம் என்பதே அன்று பேச்சாகிவிட்டது. சூரியனுக்குப் படைக்கிற பொங்கலைச் சூரியன் இருக்கிற இடம் தெரியாமல், அப்பா கைப்பேசியில் திசை பார்த்துச் சொல்ல, அந்தப் பக்கம் பார்த்துப் பொங்கவிட்டோம். நீ பேசியது அதற்கு அரைமணி நேரம் கழித்துத்தான். பிறகு சமய்பூர் பாத்லியில் மெட்ரோ ஏறி, ஹௌஸ் காஸில் மாறி, ஆர்.கே.புரத்தில் இறங்கி மலை மந்திருக்குப் போனோம். 1973-இல் குடமுழுக்கு நடந்த சுவாமிநாதன் கோயில். குன்றின் மேல் இருப்பதால், தில்லியில் கால் வலிக்க ஏறி முருகனைப் பார்க்க முடிகிற இடம். சுற்றிலும் தமிழ் கேட்டதும் அப்பாவுக்கு முகம் மாறியது. படியில் உட்கார்ந்து, “பிள்ளை சொன்னது சரிதான்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வண்டியை விற்றுவிட்டு வீட்டில் இருங்கள் என்று நீ சொல்வதற்கு வருகிறேன். நம்முடையது பி.எஸ்.4 வண்டி, அதாவது பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தது. வெளிமாநிலப் பதிவுள்ள பி.எஸ்.4 சரக்கு வண்டிகளுக்குத் தில்லிக்குள் 2026 அக்டோபர் 31 வரைதான் அனுமதி. அதற்குப் பிறகு பி.எஸ்.6, கேஸ், மின்சார வண்டிகள் மட்டுமே நுழையலாம். தில்லிக் காற்று இருக்கிற இருப்பில் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்; இரவில் இருமிக்கொண்டே எழுதுகிறேன். புதிதாக பி.எஸ்.6 வண்டி எடுத்து மறுபடியும் ஐந்து ஆண்டு தவணை கட்டுகிற வயது அப்பாவுக்கு இல்லை. தெற்கே மட்டும் ஓட்டலாம் என்று அவர் ஒரு கணக்கும், நாக்பூர் வரை ஓட்டலாம் என்று இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறார். இரண்டிலும் லாபம் வராது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் அந்தத் தேதியை அவர் வாயால் சொல்வதில்லை. நானும் அவசரப்படுத்தப் போவதில்லை. ஓடுகிற வண்டியை நிறுத்தச் சொல்வது வேறு, இது வேறு.

ஓசூருக்கு இயந்திர உதிரிபாகம் ஏற்ற நாளை மதியம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பனி விலகிய பிறகே இங்கிருந்து எடுப்போம், இரவில் ஆக்ராவைத் தாண்ட மாட்டோம். இதை அப்பாவிடம் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். தை பதினைந்துக்குள் ஊரில் இருப்போம். அந்த வாரத்தில் ஒரு நாள் விடுப்புப் போட்டு வர முடியுமானால் வா. முடியாவிட்டால் நாங்கள் சென்னைக்கு ரயிலில் வருகிறோம்.

இப்போது ஒரு வேலை செய். அம்மாயியிடம் சாவி இருக்கிறது. நம் வீட்டு பீரோவில் இரண்டாம் தட்டில், உன் மதிப்பெண் பட்டியல்களுக்கு அடியில், சிவப்பு அட்டைக் கோப்பு ஒன்று இருக்கும். அதில் பைனான்ஸ்காரர்கள் கடன் முடிந்ததற்குக் கொடுத்த தடையின்மைச் சான்று இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து என் எண்ணுக்கு மட்டும் அனுப்பு. வண்டி கேட்டு ஒருவர் சங்ககிரியிலிருந்து பேசினார். அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ இப்போதைக்கு ஒன்றும் கேட்காதே.

அன்புடன்,
அம்மா