லண்டன் பிம்லிகோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொல்லச் சொல்லச் செல்வி எழுதிய கடிதம் வந்தது. போன் செய்தால் அம்மா அழுகிறாள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் கார்த்திகையே பிறந்துவிட்டது. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்காமல், இருக்கிற வீடு என்ன கட்டுமானம் என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் கொத்தனார் நிற்கிறார்.

தெரு முழுக்க ஒரே அச்சில் வீடுகள், கிரீம் நிறம், இடைவெளியே கிடையாது, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். வாசலில் ரெண்டு தூண். பார்த்தால் கல் கட்டடம். ஆனால் உள்ளே வெறும் செங்கல்தான், மேலே சாந்து பூசி, காய்வதற்குள் கோடு கிழித்துக் கல் அடுக்கியது மாதிரி காட்டியிருக்கிறார்கள். விக்டோரியா ராணி காலத்து வேலை. சதுப்பாகக் கிடந்த இடம், செயின்ட் கேதரின் துறைமுகம் தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, 1830களிலிருந்து தாமஸ் க்யூபிட் என்பவர் தெருத்தெருவாகக் கட்டினார். அவர் தச்சர் அப்பா! சின்ன வயதில் கப்பல் தச்சராக இந்தியா வரைக்கும் வந்து போனவர். பிற்பாடு ராணிக்கே ஆஸ்போர்ன் மாளிகை கட்டிக்கொடுத்தார். இங்கே டென்பி தெருவில் அவருக்குச் சிலை இருக்கிறது. நம் ஊரில் கொத்தனாருக்கு யார் சிலை வைத்தார்கள்?

முதல் மாடி ஜன்னல்கள் ஆளுயரத்துக்கு மேல், முதலாளி வரவேற்பறை. மேலே போகப் போக ஜன்னல் சிறுத்துக்கொண்டே போகும், உச்சியில் வேலைக்காரர்கள் படுத்தார்கள். சமையல் தெருமட்டத்துக்குக் கீழே. நடைபாதையில் வட்ட இரும்பு மூடிகள் உண்டு, அந்தக் காலத்தில் கரி வண்டிக்காரர் அதைத் திறந்து கொட்டினால் நேரே நிலவறையில் விழும், வீட்டுக்குள் தூசி வராது. என் அறை அந்தப் பழைய சமையற்கட்டுதான். வாடகை தோது. ஓதம் அப்படியொன்றும் இல்லை, கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கிறேன். ஸ்வெட்டரோடு படுத்தால் ஹீட்டரும் தேவைப்படுவதில்லை.

மேல் மாடியில் ஒரு கிழவர். குட்மார்னிங் சொல்ல மாட்டார், கைத்தடியால் வாசல் தூணைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். 'பொத்' என்று கேட்டால் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது என்று அர்த்தம், உங்களுக்கா தெரியாது. வீட்டுக்காரர் சிமெண்டால் ஒட்டுப்போட்டு மேலே கனமாகப் பெயிண்ட் அடித்துவிட்டார், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. சுண்ணாம்பு வேலையில் சிமெண்டைத் தொடாதே என்று காரைக்குடி வீட்டில் நீங்கள் போட்ட சண்டை ஞாபகம் வந்தது. போன ஞாயிறு அரைத்தூக்கத்தில் அந்தத் தட்டல் கேட்டு, நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

சரி, அதை விடுங்கள். சித்தப்பா பாகம் பிரிக்கச் சொன்னால் பிரியுங்கள், ஆனால் கிணறு ரெண்டு பேருக்கும் பொது என்று பத்திரத்தில் ஏற வேண்டும், வாய்ச்சொல் போதாது. அம்மா வளையலை மீட்கிற பணம் தைக்குள் வந்துவிடும், இங்கே கணக்கு மாற்றுவதில் கொஞ்சம் தாமதம், வேறொன்றுமில்லை. அதுவரை வட்டியை மட்டும் செல்வி வீட்டுக்காரரைக் கட்டச் சொல்லுங்கள், நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன். மச்சு ஒழுகுகிறது என்று நீங்களே சாரத்தில் ஏற வேண்டாம். மாரியைக் கூப்பிடுங்கள், கூலியில் கறாராக இருக்காதீர்கள்.

அன்புடன்,
முருகேசன்