இரத்தக் குழாய் வளர்க்கும் ஜெல்: மருத்துவ முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இலவச மருத்துவ முகாம் நடத்தும் ஆலய நிர்வாகத்தினருக்கும் பொது இயக்கத்தினருக்கும் வணக்கம்.

கால் புண்ணுக்குப் "புது இரத்தக் குழாய் வளர்க்கும் பெப்டைட் ஜெல்" என்று யாராவது முகாமில் மேசை போட்டு விற்க வந்தால், தயவுசெய்து இடம் கொடுக்காதீர்கள். இப்படிப்பட்ட ஜெல்களைப் பற்றிய ஆய்வின் மேல் பெரிய நம்பிக்கை உள்ளவர்களாகவே இதைக் கேட்கிறோம். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் கூடுதல். ஆறாத புண்ணோடு வருபவர் எதையும் வாங்கிவிடுவார்.

ஜெல் பொய்யல்ல. அமெரிக்க ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹார்ட்கரிங்கின் குழு 2015இல் வெளியிட்டதை எடுத்துக்கொள்வோம். பெப்டைட் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த குட்டைச் சங்கிலி. இதில் செரின், லியூசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மாறி மாறி வரும். லியூசின் பக்கங்கள் தண்ணீருக்கு ஒளிந்து ஒன்றோடொன்று ஒட்டும். முனைகளில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் நேர் மின்னேற்றம் அவற்றைத் தள்ளி வைக்கும். உப்பு சேர்ந்ததும் அந்தத் தள்ளல் அடங்கி, சங்கிலிகள் நுண்ணிழைகளாக நீண்டு பின்னிக்கொள்ளும். பால்மரப் பாலை உறைய வைத்த கைகளுக்கு இது புதிதல்ல. ரப்பர் துகள்கள் மின்னேற்றத்தால் விலகி நிற்கும், ஆசிட் விட்டதும் கட்டியாகும். இங்கே ஆசிட்டின் வேலையை உப்பு செய்கிறது.

ஒரு மில்லிலிட்டர் சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசலில் 20 மில்லிகிராம் பெப்டைட்டைக் கரைத்து, அதே அளவு ஹாங்க்ஸ் உப்புக் கரைசலைக் கலந்தால் 1 விழுக்காட்டு ஜெல் கிடைக்கும். ஊசிக்குள் தள்ளும்போது இளகி, வெளியே வந்ததும் மீண்டும் இறுகும். சங்கிலியின் வாலில், இரத்தக் குழாய் வளரச் சொல்லும் வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் போல நடந்துகொள்ளும் 15 அமினோ அமிலத் துண்டு இருக்கிறது. அதை 2005இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வடிவமைத்தனர். முழுப் புரதத்தை இரத்தத்தில் செலுத்தினால் சீக்கிரமே மறைந்துவிடும். இழையில் கட்டிய வாலோ போட்ட இடத்திலேயே நிற்கும். எலிகளின் தோலடியில் வைத்தபோது குழாய்கள் செழித்தன. மூன்று வாரத்தில் ஜெல் திசுவோடு கரைந்துபோனது.

கெட்டுப்போகும் வழிகளோ நிறைய. உப்பை முன்கூட்டியே சேர்த்தால் கட்டி கட்டியாகி ஊசி அடைத்துக்கொள்ளும். தயாரிப்பில் தங்கிய டிரைஃபுளோரோ அசெட்டிக் அமிலத்தை நன்றாக நீக்காவிட்டால் உயிரணுக்கள் சாகும். பாக்டீரியா நச்சு கலந்தால் அழற்சி வரும். அந்த அழற்சியே குழாய்களை இழுத்து வருமென்பதால், ஜெல் வேலை செய்ததாக ஆய்வாளரே ஏமாந்து போகலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை தொடையிலோ முழங்காலுக்குக் கீழேயோ உள்ள இரத்தக் குழாய் அடைப்பு. தலைவாய்க்கால் அடைபட்டிருக்க, வயலுக்குள் எத்தனை சிறு வாய்க்கால் வெட்டினாலும் தண்ணீர் வராது. இன்னொன்றும் உண்டு. இனிப்பு நீரால் விழித்திரையில் கண்டபடி குழாய்கள் முளைப்பதற்கும் இதே வி.இ.ஜி.எஃப்.தான் காரணம். அதை அடக்கக் கண்ணில் ஊசி போட்டுக்கொள்பவருக்கு, அதே சமிக்ஞையைத் தூண்டும் மருந்தை மேசையில் வைத்து விற்க முடியுமா? புற்றுநோய் உள்ளவர்களிடமும் இதே அச்சம் உண்டு.

ராடா-16 என்ற பெப்டைட் ஜெல் மருத்துவமனைகளுக்கு வந்திருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் இரத்தக் கசிவை நிறுத்துவதற்கு. ஆகவே விற்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள்: மருந்தென்றால் "MAL" என்று தொடங்கும் மால் எண், சாதனமென்றால் 2012 மருத்துவச் சாதனச் சட்டத்தின் கீழான பதிவு. எந்தப் பயன்பாட்டுக்குப் பதிந்தது என்பதையும் படித்துப் பாருங்கள்.

அந்த மேசையின் இடத்தில் இரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்க உதவும் கையடக்க டாப்ளர் கருவி ஒன்றையும் அதைப் பழகிய தாதி ஒருவரையும் உட்கார வையுங்கள். நோயாளி 10 நிமிடம் படுத்திருக்கட்டும். இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும், அழுத்தப் பட்டையைப் புண் மேல் கட்டாமல், இரத்த அழுத்தம் எடுக்க வேண்டும். காற்றை மெல்ல விடும்போது நாடி ஒலி திரும்பும் எண்ணே கணக்கு. கணுக்கால் எண்ணைக் கைகளில் கூடுதலான எண்ணால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தனுப்புங்கள். 1.4க்கு மேல் வந்தால் நிம்மதி அடையாதீர்கள், குழாய் சுண்ணாம்பேறி விறைத்திருக்கிறது. கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். இனிப்பு நீர்க்காரர்களுக்கு இடைப்பட்ட எண்ணும் சில வேளை ஏமாற்றும். விரல் கறுத்திருந்தாலோ, புண்ணோடு காய்ச்சல் இருந்தாலோ எந்த அளவும் எடுக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

அன்புடன்,
உயிரிப்பொருள் ஆய்விலும் புண் பராமரிப்பிலும் பணிபுரிவோர்